தந்தி மாமாவின் விரல்

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா காலையில் மூன்று முறை தும்மினார். மூன்று முறையும் "தூசி" என்றார். வீட்டைப் பெருக்கித் துடைப்பது நான்தான் என்பதால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது. எண்பத்திரண்டு வயதில் தும்மினால் தூசி, இருமினால் மிளகாய் நெடி, முட்டி வலித்தால் நாற்காலி சரியில்லை. அவர் உடம்பில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் மழை நாள் கூத்து. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் ஊரில் பாதி லிஃப்டுகள் நடுவில் நின்றுவிட்டன. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் மணி என் மேசையில் அடிக்கும். இன்று ஒரு பெரிய மனிதர், ஏதோ வங்கி மேலாளராம், "பயமெல்லாம் இல்லம்மா, சும்மா தகவல் சொன்னேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் நான் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதே இல்லை. "காலையில என்ன சாப்பிட்டீங்க, யார் சமைச்சாங்க" என்று ஆரம்பிப்பேன். நீளமாகப் பதில் சொல்ல வைத்து, மூச்சு எங்கே அறுகிறது என்று கவனிப்பேன். அறுந்தால் மெக்கானிக்கோடு ஆம்புலன்ஸையும் சேர்த்து அனுப்புவோம். வங்கி மேலாளர் நான்கு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினார். வெளியே எடுத்த பிறகு, நாங்கள் 'ஸ்பேனர்' என்று கூப்பிடும் மெக்கானிக் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

இவ்வளவு பேரை லிஃப்டிலிருந்து இறக்கும் எனக்கு வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

நவம்பர் 5, புதன்

இருமல். தொட்டால் சுடுகிறது. தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் இயல்பான அளவு. நம்ப முடியவில்லை. மேசையில் பாதி குடித்த குளிர்ந்த தண்ணீர் டம்ளர்! முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிறகு தெர்மாமீட்டரைக் கவ்வியிருக்கிறார். எதிரிலேயே உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். நூற்றிரண்டு.

"கருவி சரியில்ல பாப்பா" என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது. இன்னும் பாப்பாதான்.

நவம்பர் 6, வியாழன்

விடுப்பு போட்டுவிட்டு தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே முன்பு பெரிய டாக்டர் இருந்தார். இப்போது அவர் மகள். அப்பாவுக்கு அவள் 'சின்ன டாக்டர்'. அந்தச் 'சின்ன'வில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு.

சின்ன டாக்டர் மூக்குக்குள் குச்சி விட்டுப் பரிசோதித்தாள். இன்ஃப்ளூயன்ஸா. அப்பாவின் முகத்தில் அப்போது ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. வெறும் சளி இல்லை, பெயருள்ள வியாதி.

"வைரஸுக்குன்னு ஒரு காப்ஸ்யூல் தர்றேன். சீக்கிரம் வந்துட்டீங்க, அதனால நல்லா வேலை செய்யும். பாதியில நிறுத்தக் கூடாது. ஜுரத்துக்கு இது. தண்ணி, சூப், எதுவா இருந்தாலும் நிறையக் குடிக்கணும். ஓய்வு. அவ்வளவுதான்."

"ஆன்டிபயாடிக்?" என்றார் அப்பா.

"அது பாக்டீரியாவுக்கு சார். இப்ப அது வேண்டாம்."

"உங்கப்பாவா இருந்தா மூணு கலர்ல மாத்திரை குடுத்திருப்பார்."

"அதுல ரெண்டு வைட்டமின் சார்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போனால் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும். "ஜுரம் இறங்கி, ஆள் தேறின மாதிரி தெரிஞ்சு, மறுபடி முடியாமப் போனா அதுதான் மோசம். அப்ப ஏமாந்துடாதீங்க."

ஆஸ்பத்திரி என்ற சொல் கதவு தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் மனிதர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார்.

தம்பி ஃபோன் செய்தான். வேறு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் பார்ப்பவன். "ஆன்டிபயாடிக் கொடுத்தியா இல்லையாக்கா?" நான் சொன்னேன், அப்பாவிடம் பேசு, இரண்டு பேரும் ஒரே கட்சி.

நவம்பர் 7, வெள்ளி

ஒருநாள் நர்ஸ் வேலை. அனுபவக் குறிப்பு: கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பதைவிட மூடிய லிஃப்டுக்குள் கைவிட்டு ஆளை இழுப்பது சுலபம்.

சூப்பில் உப்பில்லை. வெந்நீர் கொதிக்கிறது. ஆற்றிக் கொடுத்தால் ஆறிப்போய்விட்டது. போர்வை கனம், எடுத்தால் குளிர். ஜன்னலைத் திற, மூடு. "பாப்பா, நீ போய் உன் வேலையைப் பாரு, எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." அடுத்த நிமிடம், "பாப்பா, எங்க போயிட்ட?"

முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனால் "யாரு?" என்று கேட்டு வம்பு செய்கிறார். ஜுரத்திலும் குசும்பு குறையவில்லை.

கீழ்வீட்டுத் தந்தி மாமா வாசலில் வந்து நின்றார். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒரு சேதி பிறந்தால் அது வளர்வதற்குள் நாலு வீட்டுக்குக் கொண்டு சேர்த்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். அப்பாவுக்கு இருக்கும் ஒரே நண்பர். தினமும் செஸ், தினமும் சண்டை. உள்ளே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "ஒரே ஒரு ஆட்டம்மா, தூர உக்காந்து" என்று கெஞ்சினார். செஸ் பலகை எவ்வளவு நீளம் மாமா என்று கேட்டேன். முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

நவம்பர் 8, சனி

ஜுரம் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் தொண்ணூற்றாறு. நானே மாட்டி, நானே பார்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பால்காரர் இன்று ஏன் தாமதமாக வந்தார் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அப்பா பால்காரருடைய தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். தாத்தாவின் மாடு, மாட்டின் குணம், அந்தக் குடும்பத்தில் கணக்கில் தேறியவர்கள், தேறாதவர்கள், எல்லாம் வந்தது. பால் கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது, தாமதத்துக்குக் காரணம் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆள் தேறிவிட்டார், சந்தேகமே இல்லை.

நாளைக்கு வேலைக்குப் போகலாம். இனி விடுப்பு கேட்டால் மேற்பார்வையாளர் முகம் கோணும்.

நவம்பர் 10, திங்கள்

கிளம்பும் முன் ஒப்பந்தம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மீட்டரை விரலில் மாட்டி ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

"வாயால சொன்னா போதாதா?"

"போதாது."

"முப்பத்தஞ்சு வருஷம் பரீட்சை ஹால்ல நின்னவன் நான். எங்கிட்டயே சந்தேகமா?"

உண்மைதான். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குப் பட்டப்பெயர் கழுகு. பின்வரிசைப் பையன் செருப்புக்குள் துண்டுச்சீட்டு வைத்திருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடிப்பார். ஒருமுறை அண்ணனுக்குப் பதில் தம்பி வந்து உட்கார்ந்திருந்ததைக் காது மடலைப் பார்த்தே பிடித்தாராம். இதை மட்டும் நூறு முறை கேட்டிருக்கிறேன்.

தந்தி மாமாவிடம், மதியம் வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள், உள்ளே மட்டும் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். மதியம் வந்த ஃபோட்டோவில் 97. "நூத்துக்கு தொண்ணூத்தேழு. டிஸ்டிங்ஷன்" என்று கீழே எழுதியிருந்தார். மேசையிலிருந்த எல்லாருக்கும் காட்டினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

98! 97! 98! என் அப்பா வகுப்பில் முதல் மாணவன். தம்பிக்கும் அனுப்பி வைத்தேன். "பாத்தியா, ஆன்டிபயாடிக் இல்லாமலே" என்று ஒரு குத்தலும் சேர்த்து.

மாலையில் வந்து பார்த்தால் அப்பா சீக்கிரமே படுத்துவிட்டிருந்தார். சூப்பைத் தொடவில்லை. "பசியில்ல" என்றார். எழுப்பி மீட்டரை மாட்டலாமா என்று யோசித்தேன். அதான் ஃபோட்டோ வந்ததே, எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதினால்தான் மனசு அடங்கும் போல.

மதிய ஃபோட்டோ வந்தது. 97. சும்மா சந்தோஷத்தில் ஃபோன் செய்தேன். "பால் வந்துச்சாப்பா?"

"வந்தது."

அவ்வளவுதான். எங்கப்பா. பால் விஷயத்தில். ஒரே வார்த்தை.

"யார் கொண்டு வந்தா?"

"பையன்."

"அவங்கப்பாவுக்கு என்னவாம், ஏன் அவர் வரல?"

"தெரி… யல." நடுவில் ஒரு மூச்சு.

இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் இந்த மூச்சைக் கேட்டிருக்கிறேன்! ஃபோட்டோ தொண்ணூற்றேழு என்கிறது, காது வேறு சொல்கிறது. நான் காதை நம்பினேன். பக்கத்துப் பெண்ணிடம் மேசையைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

வீட்டுக் கதவு வெறுமே சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன்.

கட்டில் பக்கத்து நாற்காலியில் தந்தி மாமா. முகத்தில் கவசம், ஆட்காட்டி விரலில் மீட்டர். சாய்ந்து படுத்திருந்த அப்பா, நடுங்கும் கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அந்த விரலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலப் படத்தை இப்போதே எடுத்து வைக்கிறார்களாம். ஆள்மாறாட்டம்! பரீட்சை ஹால் கழுகு ஆள்மாறாட்டம் பண்ணுது!

மாமா என்னைப் பார்த்ததும் விரலை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஏதோ விரல்தான் குற்றவாளி மாதிரி.

"எத்தனை நாளா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, உங்களத்தான் கேக்கறேன், எத்தனை நாளா?"

"திங்கக்கெழமைலேருந்தும்மா… அவன்தான், 'உன் விரலைக் கொஞ்சம் குடுடா'ன்னான். நட்புக்காக…"

மீட்டரைப் பிடுங்கி அப்பா விரலில் மாட்டினேன். 88.

நான் என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க, நான் என்ன உங்களுக்கு எதிரியா, உங்க பொண்ணுதானே, செத்துக்கித்துப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன் என்றெல்லாம் கத்தினேன். மாமா அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா மட்டும் உதடு நீலம் பாரித்திருக்க, மூன்று மூச்சில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "எனக்கென்ன… நல்லாத்தான்… இருக்கேன்."

சின்ன டாக்டர் ஃபோனில் ஒரே வரி சொன்னாள், காத்திருக்காதீங்க, கிளம்புங்க. ஆம்புலன்ஸ் மழைத்தண்ணீரில் எங்கோ நிற்கிறது என்றார்கள். அடுத்த தெருவில் வேலையாக இருந்த ஸ்பேனரைக் கூப்பிட்டேன். கம்பெனி வண்டியோடு இன்னொரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்பாவைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள். அந்த நிலையிலும் அப்பா, "இடது பக்கம்… சாய்க்காத…" என்று மேற்பார்வை. ஸ்பேனர் மூச்சிரைத்துக்கொண்டே, "லிஃப்ட் கம்பெனில இருந்துக்கிட்டு லிஃப்ட் இல்லாத வீட்ல யாராவது குடியிருப்பாங்களாக்கா?" என்றான். பேசாமல் படியைப் பார் என்றேன். ஆனால் அவன் பேசியது எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் மாற்றும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

"வேண்டாம் பாப்பா. உங்கம்மா… இந்த மாதிரி வாசல்லதான்… உள்ள போனா."

நாலு வருஷமாச்சு. அன்று எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அப்பா அந்த இரும்பு பெஞ்சில் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். அம்மா திரும்பி வரவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு மண்டையில் ஏறவே இல்லை, இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லித் திரிந்திருக்கிறார் என்று.

"நான் வெளிய உக்கார மாட்டேன். கூடவே வருவேன். தள்ளினாலும் போக மாட்டேன்" என்றேன். கையை விடவில்லை. பிடித்த பிடியோடுதான் உள்ளே போனோம்.

நவம்பர் 13, வியாழன்

மூக்கில் குழாய். ஆக்சிஜன் ஓடுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் அடியிலும் வெள்ளைத் திட்டு. வைரஸ் தளர்த்திவிட்டுப் போன இடத்தில் பாக்டீரியா வந்து உட்கார்ந்திருக்கிறதாம். சின்ன டாக்டர் எச்சரித்தது அப்படியே. ஊசியில் ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். "நான்… அப்பவே… சொன்னேன்ல?"

வார்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னார், அப்போது தேவையில்லை, இப்போது தேவை. இதைத் திங்கட்கிழமையே பார்த்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கலாம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத? பயமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

குழாயோடு 91. நேற்று மாதிரியேதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 'இன்னிக்குத் தாண்டட்டும், பார்க்கலாம்' என்றார் டாக்டர். எதைத் தாண்டட்டும் என்று கேட்க வாய் வரவில்லை.

தந்தி மாமாவுக்கு இருமல், ஜுரம். விரலைக் கொடுத்து வைரஸை வாங்கிக்கொண்டார். முதல் நாளே சின்ன டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிவிட்டாராம், மூன்று வேளையும் தன்னுடைய விரலைத் தானே படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். நான் கேட்கவில்லை. பிராயச்சித்தமாம். அவருடைய படத்தையும் பழைய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பாவுடைய விரல் சாக்பீஸ் மாதிரி. இது நன்றாக விளைந்த வெள்ளரிக்காய். மூன்று நாள் வெள்ளரிக்காயைப் பார்த்துவிட்டு முதல் மாணவன் என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன். காது மடலைப் பார்த்து ஆளைப் பிடித்தவரின் மகள்!

நவம்பர் 15, சனி

93. கொஞ்சம் தண்ணீர் குடித்தார். என் முகக்கவசத்தைப் பார்த்து அதே குசும்போடு "யாரு?" என்றார். அப்படியே வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

94. நர்ஸ் பெண் சொன்ன மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுகிறார். ஆழமாக இழுத்து, மெதுவாக ஊத வேண்டும். "பலூன் ஊதற வயசா?" என்று அவளிடம் கேட்டார். "இல்ல தாத்தா, அதுக்கும் மேல" என்றாள் அவள். அப்பாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மத்தியானம், சூப் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

"உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்…"

"பொய் சொல்லாதீங்கப்பா."

"பயமா இருந்துச்சு பாப்பா" என்றார். "நெம்பரைப் பாத்தேன், தொண்ணூத்தொண்ணு. உனக்கு அனுப்பினா இங்க கொண்டாந்துடுவன்னு தெரியும். இங்க வந்தா திரும்ப மாட்டேன்னு நெனச்சேன். வீட்லயே போயிட்டா பரவால்லன்னு தோணுச்சு."

"எனக்குப் பரவால்லையா?"

என் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி, சூப்பைத் தானே குடித்தார். உப்பில்லை என்று சொல்லவில்லை. உப்பு நிஜமாகவே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். வெறும் காற்றில் 95. கழுகு பழையபடி பறக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கட்டில்காரர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைப்பதைக் கண்டுபிடித்து நர்ஸிடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். "ஏமாத்தினா உடம்புக்குத்தான் கேடு" என்று அந்த மனிதருக்கு ஒரு சொற்பொழிவு வேறு. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சை மாற்றினார்.

நவம்பர் 20, வியாழன்

வீடு. ஸ்பேனரும் கூட்டாளியும் நாற்காலியில் வைத்து மறுபடி மேலே தூக்கினார்கள். ஏற்றும்போது இறக்கியதைவிடக் கனமாக இருக்கிறார் என்று புகார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டால் கனக்காதா?

தந்தி மாமா தேறிவிட்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தார். அப்பா நாற்காலியில் தொங்கிக்கொண்டே, "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் மாட்டியிருக்கவே மாட்டேன்டா, விரலை ஏன் ஒளிச்ச?" என்றார். "ஆமாடா, உன்னைக் காப்பாத்தினதுக்கு எனக்கு இதுவும் வேணும்" என்றார் மாமா. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள், இரண்டு பேருக்கும் இருமல் வந்தது, நான் கத்தினேன்.

நவம்பர் 24, திங்கள்

நாளையிலிருந்து வேலை. ஃபோட்டோ வேண்டாம் என்றேன். அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார்.

"விரலை மாத்தலாம், மீட்டரை மாத்தலாம். நான் எத்தனைன்னுதான் காவல் காக்கறது? முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்."

"கத்துவ."

"சரி, கத்துவேன். ஆனா வந்துடுவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் 1, திங்கள்

எப்படி இருக்கீங்க என்றேன். "எனக்கென்ன" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "படி ஏறினா கால் நடுங்குது" என்றார். நுரையீரல் படம் சுத்தமாக வர இன்னும் சில வாரம் ஆகுமாம், அசதி அதைவிட நீளுமாம், இந்த வயதில் அப்படித்தான் என்கிறாள் சின்ன டாக்டர். அவளை இப்போது வெறும் 'டாக்டர்' என்கிறார். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

செஸ்ஸில் மாமா ஜெயித்துவிட்டார். அப்பா இன்னும் முழுசாகக் குணமாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாம். அப்பா சொல்கிறார்.

டிசம்பர் 10, புதன்

மதியம் கைப்பேசி அடித்தது. அப்பா. வேலை நேரத்தில் அவராக அழைத்ததே கிடையாது. எதிரே ஒரு லிஃப்ட் மணியும் அடித்தது. அதைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன்.

"பாப்பா, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல… இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

பையை எடுத்தேனா, சொல்லிக்கொண்டு வந்தேனா, தெரியாது. மூன்று மாடியும் ஒரே ஓட்டம். கதவைத் திறந்தால் அப்பா நாற்காலியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியைத் தொட்டேன், சுடவில்லை. உதட்டைப் பார்த்தேன், நல்ல நிறம். மீட்டரைத் தேடப் போனேன்.

"அதெல்லாம் பாத்துட்டேன், தொண்ணூத்தேழு. என் விரல்தான்" என்றார். "உனக்குத்தான் மூச்சு வாங்குது. உக்காரு."

"பின்ன என்னப்பா பண்ணுது?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். மாமா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வீடு சத்தமே இல்லை. "தனியா இருக்கப் பிடிக்கல" என்றார். "அவ்வளவுதான். கத்தணும்னா கத்து."

கத்தவில்லை. காபி போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட இருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

மேற்பார்வையாளர் கூப்பிட்டு விசாரித்தார். நேற்று நடுவேலையில் எழுந்து போனதற்கு என்ன காரணம், வீட்டில் ஏதாவது ஆபத்தா என்று கேட்டார்.

"இல்ல சார். அப்பா கூப்பிட்டார்."

"கூப்பிட்டாரா? அது ஒரு காரணமாம்மா?"

"அவரா கூப்பிட்டது இதுதான் சார் முதல் தடவை" என்றேன்.